பேஸ்மென்ட்டுல தண்ணி: 650 ரூபாய் வால்வும் 1.8 லட்ச ரூபாய் காரும்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். வில்லியனூர் பக்கம் ஒரு மனைப்பிரிவுல வீடு வாங்கியிருக்கிற என் சித்தி பையன் போன் பண்ணினான்.

"அண்ணே, கீழ கார் சீட்டு வரைக்கும் தண்ணிண்ணே."

"பம்ப் இருக்குல்லடா?"

"இருக்குண்ணே. அதுவும் தண்ணிக்குள்ளதான் இருக்கு."

முந்தின நாள் ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. கடந்துட்டு நகராம அப்படியே நின்னு பெய்தது. டிசம்பர் 1 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல புதுச்சேரியில 46 சென்டிமீட்டர் மழை. வீடு தேடும்போது அவன் கூடவே சுத்தினது நான்தான். கணக்கு, லோன், பத்திரம், எல்லாம் நான் பார்த்தேன். ஒரு விஷயத்தையும் நானேதான் வேண்டாம்னு சொன்னேன். கீழ்த்தளத்து பம்ப்புக்கு வருஷம் 3,000 ரூபாய்னு ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் கேட்டாங்க. "வருஷத்துக்கு நாலு தடவை ஓடற மோட்டாருக்கு எதுக்குடா ஏஎம்சி?" இது என் வாயால வந்த வார்த்தை.

நான் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், பிளம்பர் இல்லை. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இந்த பம்ப்பைப் பத்திப் படிச்சேன், பிரிச்சுப் பார்த்தேன், ஊர்ல நல்ல எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரோட கூடவே நின்னேன். வீடியோவுல பம்ப்பை ஓட்டிக் காட்டியிருக்கேன். கணக்கு முழுசும் இங்கே.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பம்

நம்ம ஊர் கொத்தனார்கிட்ட "பேஸ்மென்ட் எவ்வளவு?"ன்னு கேட்டா, "மூணு அடி தூக்கியிருக்கேன் சார்"னு சொல்வார். அவருக்கு பேஸ்மென்ட்னா தரைக்கு மேல எழுப்புற பீடம். பில்டரோட விளம்பரத் தாளில் இருக்கிற பேஸ்மென்ட் தரைக்குக் கீழ தோண்டினது. அதே மாதிரி "சம்ப்"னா நமக்குக் குடிதண்ணி சேமிக்கிற தரையடித் தொட்டி. அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்க்குக்கு ஏத்துவோம். யூடியூப்ல சம்ப் பம்ப்னு தேடினா வர்ற அமெரிக்க வீடியோக்கள்ல சம்ப்ங்கிறது அழுக்குத் தண்ணி வந்து விழுற குழி. நம்மளது தண்ணியை உள்ளே வைக்க, அவங்களது வெளியே தள்ள. கடையில போய் "சம்ப் மோட்டார் குடுங்க"ன்னு மட்டும் கேட்டா, நல்ல தண்ணி மோட்டார்தான் கையில குடுப்பாங்க. சேறு, இலை கலந்த தண்ணியில அது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. "டிரெயினேஜ் சப்மெர்சிபிள், ஃப்ளோட்டோட வேணும்"னு கேளுங்க.

தம்பி வீட்டுல இருந்தது அரை பேஸ்மென்ட். தெருவிலிருந்து நாலு அடி இறங்கி, 600 சதுர அடியில கார் நிறுத்துற இடம். அதுக்கு மேல வீடு. நம்ம பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஊர்கள்ல பத்து வருஷம் முன்னாடி இப்படி ஒரு வீடு கட்டுறேன்னு சொல்லியிருந்தா பெரியவங்க சிரிச்சிருப்பாங்க. புதுச்சேரியோட பெரிய ஏரியான ஊசுட்டேரி வில்லியனூர் பக்கம், ரெண்டாவது பெரிய ஏரி பாகூர்ல. வடக்குல சங்கராபரணி, தெற்குல தென்பெண்ணை. ஏரிப் பாசன நிலத்தை மனையாக்கிட்டு அதுக்குள்ள நாலு அடி தோண்டினா, கார்த்திகை மாசத்துல பூமித் தண்ணி நம்ம வீட்டைத் தேடி வரத்தான் செய்யும்.

வீட்டை நாங்க பார்க்கப் போனது மே மாசம். கீழ்த்தளம் காய்ஞ்சு கிடந்தது. பம்ப் குழியில தூசிதான் இருந்தது. அதைப் பார்த்து "சூப்பர், கசிவே இல்ல"ன்னு சொன்னவனும் நான்தான்.

குழிக்குள்ள என்ன இருக்கு?

அமைப்பு ரொம்ப எளிசு. கீழ்த்தளத்தோட தாழ்வான மூலையில ரெண்டுக்கு ரெண்டு அடி, மூணு அடி ஆழத்துல ஒரு குழி. மொத்தம் 12 கன அடி, 340 லிட்டர் பிடிக்கும். தரையெல்லாம் அந்தப் பக்கம் வாட்டம் விட்டிருப்பாங்க. குழிக்குள்ள அரை எச்பி பம்ப். பக்கத்துல வயர்ல தொங்குற ஒரு பிளாஸ்டிக் உருண்டை, அதுதான் ஃப்ளோட். தண்ணி ஏறினா உருண்டை மிதந்து மேல வரும், பம்ப் ஓடும். இறங்கினா தொங்கும், நிக்கும். பம்ப்லேருந்து ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாய் சுவரோட மேல ஏறி, வெளியே போய், தெரு வாய்க்கால்ல விழும். இந்தக் குழாய்ல, பம்ப்புக்கு மேல ஒரு என்ஆர்வி வால்வு இருக்கணும். தண்ணி மேல போகலாம், திரும்பக் கீழ வர முடியாது.

தம்பி வீட்டுல அந்த வால்வு இல்லை. இது எங்களுக்குத் தெரியவே ஒரு மாசம் ஆச்சு.

எல்லாரும் முதல்ல சொன்ன காரணம் "கரன்ட் இல்ல, அதனால பம்ப் ஓடல." உண்மைதான், சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குக் கரன்ட் போச்சு. ஆனா எனக்கு ஒண்ணு இடிச்சது. தெருத் தண்ணி சரிவுப் பாதையோட மேட்டைத் தாண்டவே இல்லை. சுவர்ல இருந்த சேத்துக் கோடு மேட்டுக்கு ரெண்டு இஞ்ச் கீழேயே நின்னுருந்தது. அப்போ உள்ளே மூணு அடி தண்ணி எங்கேருந்து வந்தது?

ஆடிட்டர் புத்தி. பேங்க் ரீகன்சிலியேஷன் போடற மாதிரி தண்ணிக்கு ஒண்ணு போட்டேன்.

உள்ளே இருந்த தண்ணி: 600 சதுர அடி, மூணு அடி உயரம். 1,800 கன அடி. கிட்டத்தட்ட 51,000 லிட்டர்.

வானத்திலிருந்து நேரா உள்ளே விழ வாய்ப்பிருந்த ஒரே இடம் திறந்த சரிவுப் பாதை. 10 அடி அகலம், 15 அடி நீளம், 150 சதுர அடி. மீட்டர்ல மாத்தினா சுமார் 14 சதுர மீட்டர். அதை 0.46 மீட்டர் மழையால பெருக்கினா 6,400 லிட்டர். இவ்வளவும் உள்ளேயே தங்கியிருந்தாக்கூட தரையில நாலரை இஞ்ச்தான் நின்னிருக்கும். கார் டயர்ல கால்வாசி.

மீதி 44,600 லிட்டர்? அக்கவுன்ட்ஸ்ல இப்படி ஒரு வித்தியாசம் வந்தா "சஸ்பென்ஸ்"னு போட்டுட்டுத் தூங்க முடியாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் குழாயோட தெரு முனையைக் காட்டினார். வாய்க்காலுக்குள்ள ஒரு அடி இறங்கி இருந்தது. "மழைல வாய்க்கா ரொம்பியிருக்கும். இந்த முனை முழுகியிருக்கும். பம்ப் ஓடி நின்ன நேரத்துல குழாய் பூரா தண்ணி. வால்வு இல்ல. சைஃபன் மாதிரி தெருத் தண்ணியை உள்ள இழுத்திருக்கும் சார்." பெட்ரோல் டேங்க்ல ட்யூப் விட்டு வாயால உறிஞ்சி விடுவாங்களே, அதே கதை.

நம்பலாமா வேண்டாமான்னு ஒரு ஞாயித்துக்கிழமை சோதிச்சோம். 200 லிட்டர் டிரம் ஒண்ணைத் தெருப்பக்கம் வெச்சு, குழாய் முனையை அதுக்குள்ள விட்டோம். குழியில தண்ணி ஊத்தி பம்ப்பை ஓட்டி டிரம்மை நிரப்பினோம். அப்புறம் சுவிட்சை அணைச்சோம். டிரம்ல இருந்த தண்ணி சத்தமில்லாம இறங்க ஆரம்பிச்சது. மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, டிரம் காலி. கீழே போய்ப் பார்த்தா குழியில மொளமொளன்னு தண்ணி வருது.

நிமிஷத்துக்கு 60 லிட்டர். மணிக்கு 3,600. ராத்திரி ஏழுலேருந்து காலை ஏழு வரைக்கும் 12 மணி நேரம்: 43,200 லிட்டர். உள்ளே தண்ணி ஏற ஏற வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அந்தக் குறையைச் சுவர்க் கசிவு நிரப்பியிருக்கும். கணக்கு டேலி ஆச்சு. தண்ணியை வெளியே தள்ளறதுக்குப் போட்ட குழாயே தெருத் தண்ணியை வீட்டுக்குள்ள கொண்டுவந்து கொட்டியிருக்கு. பம்ப்பே இல்லாத வீடா இருந்திருந்தா நாலரை இஞ்ச்சோட தப்பிச்சிருப்பான்.

ஏஎம்சி போட்டிருந்தா அந்த ஆள் வந்து இதைக் கண்டுபிடிச்சிருப்பாரா? தெரியாது. எண்ணெய் போட்டுட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போறவங்களும் உண்டு. ஆனா யாராவது ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் குழாயோட தெரு முனையைக் குனிஞ்சு பார்த்திருக்க வாய்ப்பு இருந்தது. அதை நான் தட்டிவிட்டேன்.

பழுது பார்க்கிற விதம்

பக்கெட் சோதனைதான் அடிப்படை. ஒரு பத்து பக்கெட் தண்ணியைக் குழியில ஊத்துங்க. ஃப்ளோட் தானா எழும்பணும், பம்ப் தானா ஓடணும், தண்ணி வெளியே விழணும், தானா நிக்கணும், நின்னதும் குழிக்குள்ள தண்ணி திரும்ப வரக்கூடாது. கடைசியா சொன்னதை யாரும் நின்னு பார்க்கிறதில்லை. பம்ப் ஓடிடுச்சுன்னதும் மேல ஏறி வந்துடுவோம். அணைஞ்சதுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

பம்ப் எழும்பவே இல்லைன்னா முதல் சந்தேகம் ஃப்ளோட். வயரைக் குழாயோட இறுக்கிக் கட்டியிருப்பாங்க, உருண்டை மிதக்க இடமில்லாம சுவர்ல ஒட்டிக்கிட்டிருக்கும். கையால தூக்கிவிட்டா ஓடுதா பாருங்க (முதல்ல மெயினை அணைச்சுட்டு ஃப்ளோட்டைச் சரி பண்ணிட்டு, அப்புறம் போட்டுப் பாருங்க, ஈரத்துல நின்னுக்கிட்டு கரன்ட் இருக்கும்போது குழிக்குள்ள கை விடாதீங்க). "ம்ம்ம்"னு முனகுது ஆனா சுத்தலைன்னா, ஒண்ணு கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்லைன்னா இம்பெல்லர்ல துணியோ தென்னை நாரோ சிக்கியிருக்கும். முனகவிட்டே வெச்சிருந்தா காயில் கருகிடும், உடனே அணைங்க. கெப்பாசிட்டர் சில நூறு ரூபாய், காயில் கட்டறது சில ஆயிரம். ஓடுது ஆனா தண்ணி வரலைன்னா அடி வலையில சேறு அடைச்சிருக்கும், இல்லை உள்ளே காத்து மாட்டியிருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடி ஓடி நிக்குதுன்னா மேல போன தண்ணி திரும்ப வருதுன்னு அர்த்தம், வால்வைப் பாருங்க.

போட்ட உடனே ஆர்சிசிபி விழுதுன்னா அதை மட்டும் லேசா எடுக்காதீங்க. பம்ப்போட சீல் போய் மோட்டாருக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும், இல்லை வயர் ஜாயின்ட் நனைஞ்சிருக்கும். "தொல்லை பண்ணுது, நேரா குடுத்துடறேன்"னு சொல்ற எலக்ட்ரீஷியனை அங்கேயே நிறுத்துங்க. உங்க உயிருக்கும் அந்தத் தண்ணிக்கும் நடுவுல இருக்கிறது அந்த 30 மில்லி ஆம்பியர் பெட்டி ஒண்ணுதான். தம்பி வீட்டு பம்ப் பிளக் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துல இருந்தது. வெள்ளம் வர்ற அறைக்கு ஒரு அடியில பிளக் பாயின்ட்! இப்போ அது மாடிப்படி மேல இருக்கு.

தண்ணி நிறைஞ்சபிறகு இன்னொரு பொறி இருக்கு. டிசம்பர் 2-ம் தேதி தம்பி ஒரு டீசல் பம்ப்பை வாடகைக்குப் பிடிச்சு ஒரே மூச்சுல இறைச்சிடலாம்னு நின்னான். எலக்ட்ரீஷியன் அண்ணன் தடுத்துட்டார். வெளியே மண் முழுக்க ஊறியிருக்கும்போது உள்ளே சட்டுனு காலி பண்ணினா, வெளியிலிருந்து சுவரையும் தரையையும் தண்ணி அழுத்தும், எதிர்ல தாங்க உள்ளே எடை இருக்காது. சுவர் விரியலாம், தரை தூக்கலாம். கொஞ்சம் இறைச்சு, சுவர்ல கோடு போட்டு, ராத்திரி விட்டுப் பார்க்கணும். மறுநாள் கோட்டுக்கு மேல ஏறியிருந்தா இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். அமெரிக்காவுல ஃபெமா அமைப்பு சொல்ற வழியும் இதேதான்.

இது பேஸ்மென்ட் இல்லாத வீட்டுக்கும் பொருந்தும், ஏன்னா நம்ம குடிதண்ணி சம்ப்பும் தரைக்குள்ளதான் இருக்கு. வெளி அளவு 8 அடி, 6 அடி, 6 அடி ஆழம்னு வெச்சுக்குங்க. 288 கன அடி, கிட்டத்தட்ட 8,150 லிட்டர். மண் மேல் வரை ஊறியிருந்தா அந்தத் தொட்டியை எட்டு டன்னுக்கு மேல தண்ணி மேல தூக்கும். உள்ளே தண்ணி இருந்தா சமமாகும். வெள்ளத் தண்ணி கலந்துடுச்சேன்னு அவசரமா முழுசா காலி பண்ணினா, தொட்டியோட சொந்த எடை மட்டும் தாங்குமாங்கிறது சந்தேகம். தெரு வடியட்டும், ரெண்டு மூணு நாள் போகட்டும், அப்புறம் கழுவுங்க. கழுவினபிறகு ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்குல கலந்து அரை நாள் வெச்சிருந்து, அதை வெளியேத்திட்டுப் புதுத் தண்ணி விடணும். கழுவ ஆளை உள்ளே இறக்கறதுக்கு முன்னாடி மூடியைப் பல மணி நேரம் திறந்து வைங்க, மேல ஒருத்தர் நிக்கணும். மூடின தொட்டியில காத்து இல்லாம மயங்கி விழுந்தவரைக் காப்பாத்த இறங்கின ரெண்டாவது ஆளும் செத்த செய்திகளை நாம படிச்சுக்கிட்டேதான் இருக்கோம்.

இப்போ பணம்

கார் வாங்கி மூன்றரை வருஷம். ஷோரூம் விலை 8 லட்சம். மூணு முதல் நாலு வருஷம் ஆன வண்டிக்கு 40 சதவீதம் தேய்மானம், அதனால ஐடிவி 4.8 லட்சம். முழு இன்ஷூரன்ஸ் இருந்தது. வெள்ளச் சேதம் அதுல உண்டு. தம்பி நிம்மதியா இருந்தான்.

ஆனா தண்ணி வடிஞ்ச அன்னிக்கு "ஒரு தடவை பார்ப்போம்"னு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிட்டான். எஞ்சினுக்குள்ள தண்ணி இருக்கும்போது சுத்தவிட்டா, காத்தை அழுத்தற பிஸ்டன் தண்ணியை அழுத்தப் பார்க்கும். தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். சர்வேயர் வந்து பார்த்துட்டு, எஞ்சின் சேதம் வெள்ளத்தால இல்லை, வெள்ளத்துக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணினதால வந்ததுன்னு எழுதிட்டார். அதுக்குத் தனியா "எஞ்சின் புரொடெக்ட்" ஆட்-ஆன் எடுத்திருக்கணும். எடுக்கலை. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 2.9 லட்சம். ஐடிவி-யில 75 சதவீதம், அதாவது 3.6 லட்சம் தாண்டினாத்தான் மொத்த இழப்புன்னு கணக்கு, தாண்டலை. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு பாதி தேய்மானம் கழிச்சாங்க. கைக்கு வந்தது 1.1 லட்சம். தம்பி கையிலேருந்து போனது 1.8 லட்சம்.

அந்த ஒரு பட்டன் அமுக்கலோட விலை அதுல பெரும்பங்கு. வண்டி தண்ணியில நின்னுதுன்னா சாவியைத் தொடாதீங்க, பேட்டரியைக் கழட்டுங்க, போட்டோ எடுங்க, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி வெச்சிருக்கிறவங்களுக்கு வெள்ளத்துக்கு ஒரு ரூபாயும் வராது, அதையும் தெரிஞ்சுக்குங்க.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேட்டேன். "லோன்லயே சேர்த்துட்டாங்கண்ணே"ன்னான். எடுத்துப் பார்த்தா அது அவன் உயிருக்கான லோன் கவர். வீட்டுக்கு எதுவும் இல்லை. உங்கள்ல நிறைய பேருக்கும் இதே நிலைமையாத்தான் இருக்கும். இன்னிக்கே அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொது இன்ஷூரன்ஸ் நிறுவனமும் "பாரத் கிருஹ ரக்‌ஷா"ங்கிற ஒரே மாதிரியான பாலிசியைக் கொடுக்கணும்னு ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. புயல், வெள்ளம் ரெண்டும் அதுல உண்டு. மனை விலை கணக்குல வராது, திரும்பக் கட்டற செலவு மட்டும். 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய்னா 22 லட்சம். வீட்டுச் சாமான்களுக்குத் தனியாச் சொல்லாமலே அதுல 20 சதவீதம், இங்கே 4.4 லட்சம், சேர்ந்து வரும். உச்ச வரம்பு 10 லட்சம். வீடு குடியிருக்க முடியாமப் போனா வாடகையும் உண்டு. ஆனா பம்ப் தானா ஷார்ட் ஆகியோ, அதிகமா ஓடியோ கருகினா அது கிடையாது. வெள்ளத்தால போறது வேற, மோட்டார் தன் வியாதியால போறது வேற.

வரி விஷயம் ரெண்டு வரி. புயலுக்கு அப்புறம் புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. பேரிடருக்காக அரசு தர்ற இழப்பீட்டுக்கு வரி கிடையாது. பழுது பார்க்கக் கடன் வாங்கினா, சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு அந்த வட்டியில வருஷம் 30,000 ரூபாய் வரைக்கும் பழைய வரி முறையில கழிக்கலாம். புது முறையில இருக்கிறவங்க இதை மறந்துடுங்க.

தம்பி அந்த 1.8 லட்சத்தை கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு அப்புறம் பார்க்கலாம்னான். மாசம் மூன்றரை சதவீதம்னா வருஷத்துக்கு 42. மாசா மாசம் 31,000 இஎம்ஐ கட்டறவன் அதுக்கு மேல இதையும் இழுத்திருந்தா வெள்ளம் வடிஞ்சும் முழுகியிருப்பான். சித்தி தன் எஃப்டி ஒண்ணை உடைச்சுக் கொடுத்தாங்க. நான் எத்தனை வீடியோவுல அவசரகால நிதி, அவசரகால நிதின்னு பேசியிருக்கேன், என் வீட்டுப் பையன் வெச்சிருந்தது 40,000.

இப்போ அங்கே என்ன போட்டிருக்கோம்

என்ஆர்வி வால்வு 650 ரூபாய். குழாய் முனையை வாய்க்காலிலிருந்து எடுத்து, சேத்துக் கோட்டுக்கு ரெண்டு அடி மேல தூக்கி, காத்துல விழற மாதிரி விட்டோம், பிளம்பிங் 4,000. முழுகாத முனையிலிருந்து சைஃபன் இழுக்காது. வால்வு பழுதானாலும் இது காப்பாத்தும். ரெண்டாவது பம்ப் 11,500, முதல் பம்ப்பை விட அரை அடி உயரத்துல ஃப்ளோட். தண்ணி அதையும் தாண்டினா கத்தற அலாரம் 1,200. பிளக்கை மேல ஏத்தி தனி ஆர்சிசிபி போட 3,500. மொத்தம் 20,850.

இன்வெர்ட்டர்தான் பெருசு. பழைய 900 விஏ பெட்டி பம்ப் எழும்பற அந்த ஒரு நொடி இழுப்பைத் தாங்காம விழுந்தது. ரெண்டு பேட்டரி, 2,000 விஏ மாத்தினோம், 45,000 ஆச்சு. அவசியமான்னு கணக்குப் போட்டுத்தான் செஞ்சோம். அரை எச்பி டிரெயினேஜ் பம்ப் ஓடும்போது சுமார் 600 வாட் இழுக்கும், எங்களது நிமிஷத்துக்கு 150 லிட்டர் தள்ளுது. ஃபெஞ்சல் ராத்திரி சரிவுப் பாதையில விழுந்த 6,400 லிட்டரை வெளியேத்த 43 நிமிஷம் போதும். கசிவுக்கு அதே அளவு சேர்த்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடியும், 900 வாட்-ஹவர். 150 ஏஎச் பேட்டரி ஒண்ணுல 1,800 வாட்-ஹவர் இருக்கு, அதுல மூணுல ரெண்டு பங்கு நிஜமா கிடைக்கும். ரெண்டு பேட்டரி இருந்தா ஃபேன், லைட்டுக்கும் மிச்சம். ரெண்டு நாள் கரன்ட் இல்லாம மழையும் விடாம இருந்தா இது போதாது. அப்போ பம்ப்பை நம்பாம காரை மேட்டுல கொண்டு போய் நிறுத்தறதுதான், அதுக்குச் செலவு இல்லை.

தென்பெண்ணை பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாதுங்கிறதையும் சொல்லிடறேன். டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தப்போ பாகூர் கொம்யூன்ல ஆத்தோர ஊர்களுக்குள்ள தண்ணி புகுந்தது. மழை நின்ன பிறகு வந்த வெள்ளம். அரை எச்பி பம்ப்பு தெருவையே ஆறாக்கின தண்ணியை எங்கே கொண்டு போய்க் கொட்டும்? அந்த மாதிரி இடத்துல தரைக்குக் கீழ கார் நிறுத்துற வீட்டை பில்டர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வில்லியனூர் பக்கமும், வீடு பார்க்கறதா இருந்தா மே மாசம் போகாதீங்க. நவம்பர் கடைசியில, ரெண்டு நாள் மழை பெஞ்ச மறுநாள் போங்க. தெரு போன முறை எவ்வளவு உயர்த்திப் போட்டாங்கன்னு பக்கத்து வீட்டு வாசப்படியைப் பாருங்க. ரோடு போடப் போட நம்ம வீடு இறங்கிக்கிட்டே போகும். பக்கத்து டீக்கடையில கேளுங்க, 2024-ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு சுவர்ல கை வெச்சுக் காட்டுவாங்க.

போன மாசம் தம்பி வீட்டுக்குப் போனப்போ அவனே பக்கெட் எடுத்துட்டு வந்தான். பத்து பக்கெட் ஊத்தினோம். பம்ப் ஓடுச்சு, நின்னுச்சு. ரெண்டு நிமிஷம் ரெண்டு பேரும் குழியைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு நின்னோம். தண்ணி திரும்பி வரலை. "அந்த ஏஎம்சி-க்காரர் நம்பர் இன்னும் இருக்காடா?"ன்னு கேட்டேன். சிரிச்சான், "நான் அப்பவே சேவ் பண்ணிட்டேண்ணே."